எழுபத்தாறு கிலோ

மார்ச் 4, செவ்வாய்

காலை எடை 86.2. நேற்றும் அதேதான்.

காலை: ரொட்டி இரண்டு துண்டு, வேகவைத்த முட்டை ஒன்று, சர்க்கரை போடாத டீ. சர்க்கரை போடாத டீயைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அவனுக்கே ஒரு வாளி காய்ச்சிக் கொடுப்பேன். மதியம்: சோறு ஒரு கப், பீன்ஸ், தயிர். நாலு மணிக்கு: வெள்ளரிக்காய். வெள்ளரிக்காய் தின்றதையெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் எழுத வெட்கமாக இருக்கிறது.

எழுத ஆரம்பித்து மூன்று நாள். ஆஸ்பத்திரி டயட்டீஷியனிடம் காட்ட அச்சடித்த தாள் தனியாக இருக்கிறது. இந்த நோட்டு எனக்கு. இதில் பொய் எழுதப்போவதில்லை.

தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய் ஒரு வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் படுத்து டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறான். அவன் மனைவிக்கு ரத்தவகை சேரவில்லை. அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது. எனக்கு எல்லாம் சேர்ந்தது. நாற்பத்தொன்பது வயதில் ஏதோ ஒரு பரீட்சையில் முதல் மார்க். ஆனால் அறுவை சிகிச்சை டாக்டர் என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். "எழுபத்தாறுக்கு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். என் சிறுநீரகத்தைச் சுற்றிப் பத்து கிலோ நான் கூடுதலாக இருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

வேர்க்கடலை. எவ்வளவு என்று கேட்காதே.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி மனைவி போனில் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறாள். பெயர் "அண்ணிக்காக". நான் ஒவ்வொரு வேளையும் தட்டைப் படம் எடுத்துப் போட வேண்டுமாம், எல்லோரும் உற்சாகப்படுத்துவார்களாம். "தனியா பண்ணா மனசு விட்டுடும் அண்ணி, நாங்க எல்லாம் கூட இருக்கோம்ல." நல்ல பெண்தான். அவளைக் குறை சொல்ல முடியவில்லை என்பதே ஒரு எரிச்சல்.

பதினான்கு பேர். மதியத் தட்டைப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் சித்தப்பாவிடமிருந்து: "உருளைக்கிழங்கு ஒண்ணா ரெண்டா?" ஒன்றுதான், பாதியாக வெட்டியிருக்கிறேன் என்று பதில் போட்டேன். "பாதின்னா ரெண்டு பாதியா?" என்றார். இந்த மனிதர் இரண்டு தடவை நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அவர் தட்டை யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

மார்ச் 14, வெள்ளி

எடை 85.1.

வேலையில் கூட்டம். எங்கள் எடைமேடையில் லாரி ஏறினால், காலியாக ஒரு தடவை, சுமையோடு ஒரு தடவை எடை போட்டு, கழித்துச் சீட்டு கொடுப்பது என் வேலை. பதினெட்டு வருடமாக இதே கண்ணாடி அறை, இதே ஜன்னல். மதியம் வண்டி இல்லாதபோது நானே போய் மேடை நடுவில் நின்று பார்த்தேன். அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும். 90 என்றது. எண்பத்தைந்து என்பது அதற்குத் தெரியாது.

கூட வேலை பார்ப்பவர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார். இங்கே நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தம்பி ஒருமுறை வந்து, என்னை எல்லோர் முன்னாலும் "லோடு" என்று கூப்பிட்டான். "லோடு, சாப்பாடு கொண்டாந்திருக்கேன்." அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். அவன் பிள்ளைகள் பேச ஆரம்பித்தபோது "லோடு அத்தை" என்றுதான் பேச ஆரம்பித்தார்கள். தம்பி மனைவிதான் அடித்துத் திருத்தினாள்.

மார்ச் 22, சனி

ஆஸ்பத்திரி எடை 84.3. டயட்டீஷியனுக்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லியும் இல்லை, அது ஒரு ஆறுதல். தாளைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"இதுல எழுதாம விட்டது எவ்ளோ?"

"கொஞ்சம்."

"சாப்பிட்டதுக்கு அப்புறம் எழுதினா அப்படித்தான். அப்புறம் எழுதறது வெறும் குத்த உணர்ச்சி. சாப்பிடறதுக்கு முன்னாடி எழுதுங்க. எழுதிட்டு சாப்பிட தைரியம் இருந்தா சாப்பிடுங்க."

இதுவரை யாரும் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மற்றவர்களெல்லாம் "மனசு வெச்சா முடியும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மனசை எங்கே வைப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

தம்பி வீட்டில் மதியச் சாப்பாடு. அவன் கறுத்துப்போய், சட்டைக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறான். கையில் ஊசி போடும் இடம் கயிறு போலப் புடைத்திருக்கிறது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அவனுக்கும் அளவு. அளந்து வைத்த தம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். நான் தட்டை, அவன் தம்ளரை. இந்த வீட்டில் அக்காவும் தம்பியும் முதன்முறையாக ஒரே பெஞ்சில்.

இரக்கமாகத்தான் இருந்தது. அப்போது அம்மா முட்டை வைக்க வந்தாள். என் தட்டில் ஒன்றை வைக்கப் போனவள், கையை நிறுத்திவிட்டு, மஞ்சளைத் தோண்டி எடுத்துத் தம்பி பையன் தட்டில் வைத்துவிட்டு, வெள்ளையை என் தட்டில் போட்டாள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் முட்டை இப்படித்தான் பங்காகும். மஞ்சள் அவனுக்கு, வெள்ளை எனக்கு. "அவன் வளர்ற புள்ளடி." நானும் அப்போது வளர்ந்துகொண்டுதான் இருந்தேன். பக்கவாட்டில் வளர்ந்ததால் கணக்கில் சேரவில்லை போலும்.

கிளம்பும்போது அம்மா வாசல் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் உசுரு உன் வாயிலதான்டி இருக்கு."

ஏப்ரல் 7, திங்கள்

நேற்று அங்கிருந்து பஸ் ஏறப் போகவில்லை. எதிர் பேக்கரிக்குப் போனேன். கிரீம் பன் ஆறு. முதலில் இரண்டு, அப்புறம் இரண்டு, அப்புறம் கடைக்காரர் கேட்காமலே இரண்டு வைத்தார். நின்றுகொண்டே தின்றேன். ருசித்தேனா என்றால் இல்லை. வாயில்தானே உயிர் இருக்கிறது என்று அம்மா சொன்னாள், அதை அடைத்துப் பார்த்தேன்.

குழுவில் போட்டது: ஒரு கப் சூப். எட்டுக் கைதட்டல்.

ஏப்ரல் 19, சனி

ஆஸ்பத்திரி 81.9. பன் ஆறையும் மீறி. தம்பி மனைவி போனில் அழுதாள். "இன்னும் ஆறே கிலோ அண்ணி!" இவ்வளவு சந்தோஷமாக என்னைப் பற்றி யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

பழைய பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஊக்கு குத்திக்கொண்டு போனேன். கூட வேலை செய்பவர் கேட்டார்: "உடம்பு சரியில்லையா?" நான் மெலிந்தால் இவருக்குத் தோன்றுவது வியாதிதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் என் கணவர் என்னை விட்டுப் போகப் பெட்டி கட்டிய நாள். சமாதானம் பேசுகிறேன் என்று தம்பி வந்தான். நான் சமையலறையில் அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. அப்புறம் இவன் குரல், சிரித்துக்கொண்டே:

"விடுங்க மாமா, இவ்ளோ நாள் நீங்க தூக்கிச் சுமந்ததே பெரிய விஷயம்."

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். நான் டீயைக் கொண்டுபோய் வைத்தேன். வைத்தேனே! அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று வேறு கேட்டேன்.

அதன்பிறகு அவன் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் கேட்டது அவனுக்குத் தெரியுமா என்றும் தெரியாது. இப்போது என் உடம்புக்குள்ளிருந்து ஒரு துண்டு அவனுக்குத் தேவை. தூக்கிச் சுமக்க முடியாத உடம்புதான். அதில் ஒரு துண்டு மட்டும் நல்ல ஜாதி.

மே 8, வியாழன்

வீட்டு எடை 78.4.

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். மிஷினை விட்டு இறங்கி, அது ஜீரோவுக்கு வந்த பிறகு மறுபடி ஏறினேன். 78.4. மூன்றாவது தடவையும் அதேதான்.

இன்னும் இரண்டரை கிலோ. பிறகு தேதி குறிப்பார்கள்.

இன்று எழுதாமல் சாப்பிட்டது: சோறு மூன்று கப், சீஸ் ஒரு பாக்கெட் முழுவதும், பிஸ்கட். பசியே இல்லை.

மே 10, சனி

ஆஸ்பத்திரி எடை 80.9.

டயட்டீஷியன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுதியிருப்பதைப் பார்த்தால் நன்றாக இறங்கியிருக்க வேண்டும், எடை ஏன் இவ்வளவு மெதுவாக இறங்குகிறது? தைராய்டு இருக்குமோ என்று ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர, அதைப் பார்க்க, அடுத்த தேதி கிடைக்க, மூன்று வாரம் ஆகும்.

காலையில் கிளம்பும் முன் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தேன். வெயில் என்பதால் குடித்தேன். வெயில் என்பதால்தான் இன்னும் இரண்டு பாட்டிலைப் பையில் வைத்திருந்தேன்.

குழுவில் சித்தப்பா: "விட்டுடாதே. மனசு வெச்சா மலையும் சின்னதுதான்." அவர் வைத்த மனசை நான் பார்த்ததில்லை.

மே 19, திங்கள்

ஒரு ஜல்லி லாரியைப் பிடித்தேன். காலி வண்டியாக ஏறியது வழக்கத்தைவிட முந்நூறு கிலோ கூடுதல். காலி எடை கூடினால், நடுவில் அந்தக் கூடுதலை இறக்கிவிட்டுச் சுமை ஏற்றி வரும்போது கழித்துப் பார்த்தால் சுமை குறைவாகத் தெரியும், கட்டும் பணமும் குறையும். பழைய திருட்டு. இறங்கிப் போய்ப் பார்த்தேன். தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு டிரம் நிறையத் தண்ணீர்.

"என்னக்கா, தண்ணிதானே" என்றார் டிரைவர்.

"தண்ணிக்கு எடை கிடையாதா?"

"குடிக்க வேணாமா?"

இரண்டு டிரம் குடிக்கிற வாய் எனக்குத்தான் உண்டு என்று நினைத்தேன், நீயுமா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்துக்கொண்டே டிரம்மைக் கவிழ்த்தார். மேடையெல்லாம் தண்ணீர் ஓடியது.

நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தவள் ரொம்ப நேரம் அடுத்த வண்டியைக் கூப்பிடவில்லை. அவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

மே 31, சனி

வெளி வராந்தாவில் ஆயாதான் எடை பார்த்தது. 80.2. டயட்டீஷியன் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள்.

"தைராய்டெல்லாம் ஒண்ணுமில்ல. நான் ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

கேளுங்கள் என்றேன்.

"இருபது வருஷமா இந்த மிஷின் பக்கத்துல இருக்கேன். எல்லாரும் செருப்பைக் கழட்டுவாங்க. வாட்சைக் கழட்டுவாங்க. ஒரு பெரியவர் பல்செட்டைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு ஏறினார். நீங்க ஒருத்தர்தான் தோள்ல பையோட ஏறறீங்க. போன தடவையும் பார்த்தேன்."

நான் பையைப் பார்த்தேன். அவள் அதை வாங்கி மேஜை மேல் இருந்த சின்ன தராசில் வைத்தாள். 2.6. இரண்டு பாட்டில் தண்ணீர், எடைமேடைக் கேட்டின் பூட்டு, சாவிக்கொத்து.

வாயைத் திறந்தேன். வெயில் என்று சொல்லத்தான் திறந்தேன். பதினெட்டு வருடமாக அடுத்தவன் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தவள் நான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உங்களுக்குக் குடுக்க இஷ்டமா?" என்று கேட்டாள். வந்து மூன்று மாதமாகிறது, ஐந்து டாக்டர்கள், பதினான்கு பேர் குழு. இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், அது வேறு.

"இஷ்டமில்லன்னா சொல்லலாம். அது தப்பு இல்ல. வீட்டுக்கு நாங்க 'தானம் குடுக்க உடம்பு பொருந்தல'ன்னு மட்டும்தான் சொல்லுவோம். ஏன்னு யார் கேட்டாலும் சொல்ல மாட்டோம். இது இங்க நடக்கிறதுதான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தண்ணீர் பாட்டில் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

அவன் நாளைக்கே செத்துப்போனா?

அவன் சாகணும்னு நான் நெனைக்கல. சத்தியமா நெனைக்கல. குடுக்கணும்னும் நெனைக்கல. ரெண்டும் எப்படி ஒரே மனசுல இருக்குன்னு எனக்கே தெரியல.

ஜூன் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் உறுப்பு தானத்தைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் ஒரு பெண். போனில் அவளிடம் சொன்னேன். மூன்றே வார்த்தை. "எனக்கு இஷ்டம் இல்லைங்க." அவள் சரி என்றாள். அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. கேஸ் விசாரணை மாதிரி எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன், நாற்பது வினாடியில் முடிந்துபோயிற்று.

ஜூன் 6, வெள்ளி

வீட்டுக்குச் சொல்லிவிட்டார்கள்.

தம்பி மனைவி நேரிலேயே வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எங்களுக்காக எவ்ளோ பட்டினி கிடந்தீங்க அண்ணி. அந்தக் கடவுளுக்குக் கண்ணில்ல." அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் கை நன்றாகத்தான் தடவியது, அதற்கு வெட்கமே இல்லை.

குழுவில் வரிசையாகக் கும்பிட்ட கைகள். சித்தப்பா: "உன் முயற்சியை மறக்க மாட்டோம்." பிறகு ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

அம்மா மட்டும் போனில்: "ரெண்டு வாய் கம்மியா தின்னிருந்தா என் புள்ள பொழைச்சிருப்பான்." என் வாயைப் பழிக்கட்டும். வாயைப் பழிப்பது அவர்களுக்கும் பழக்கம், எனக்கும் பழக்கம். மனசைப் பழித்தால்தான் தாங்காது.

தம்பி பேசினான். மூச்சு வாங்கியது. "விடுக்கா. இனிமேயாச்சும் நல்லா சாப்பிடு."

ஜூன் 7, சனி

சாப்பிடவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

இந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று எடுத்தேன், போடவில்லை. யாரும் கேட்காதபோது எழுதினால் என்ன என்று தோன்றியது. காலை: ஓட்ஸ். மதியம்: சோறு, கீரை, முட்டை முழுதாக ஒன்று, மஞ்சளோடு. மாலை: ஒரு ஆப்பிள். அவ்வளவுதான். மறைத்தது எதுவும் இல்லை, மறைக்க ஆளும் இல்லை.

ஒரு வேடிக்கை. மூன்று மாதம் ஊரே காவல் காத்தபோது இந்த வாய் நிற்கவில்லை. இப்போது தானாக நின்றுவிட்டது. பேக்கரி வழியாகத்தான் தினமும் போகிறேன். கடைக்காரர் கையாட்டுகிறார், நானும் கையாட்டிவிட்டுப் போகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

76.9. மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

தம்பி கையில் ஊசி போடும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். இருதயமும் களைத்துவிட்டது, ரொம்ப நாள் இப்படியே ஓட்ட முடியாது என்று டாக்டர் சொன்னாராம். தம்பி மனைவி இதையெல்லாம் யாருக்கோ நடந்தது மாதிரி மெதுவாகச் சொன்னாள். அழுகை தீர்ந்துவிட்டது போல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று அவனை டயாலிசிஸுக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். தம்பி மனைவிக்கு இனி ஒரு நாள் லீவு எடுத்தாலும் வேலை போய்விடும். "இந்த ஒரு தடவை மட்டும் அண்ணி" என்று கேட்டாள். மறுக்க எனக்கு வாயில்லை.

நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குழாயில் அவன் ரத்தம் போகிறது, வருகிறது. அவன் கண்ணை மூடியிருந்தான். ஒரே ஒரு தடவை திறந்து, "வேலையில திட்ட மாட்டாங்களாக்கா?" என்றான். மாட்டார்கள் என்றேன்.

முடிந்ததும் எடை பார்க்க வேண்டும். எத்தனை கிலோ நீர் இறங்கியிருக்கிறது என்று அதை வைத்துத்தான் கணக்கு. அவனால் நிற்க முடியவில்லை, தலை சுற்றியது. நர்ஸ் சொன்னாள்: "நீங்க பிடிச்சுக்கிட்டு சேர்ந்தே ஏறுங்கம்மா. அப்புறம் உங்க எடையை மட்டும் பார்த்து கழிச்சுக்கலாம்."

என் பிழைப்பே அதுதான். வண்டியும் சுமையும் சேர்த்து ஒன்று, வண்டி மட்டும் ஒன்று. ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். 131.2. அவனை நாற்காலியில் உட்கார வைத்து, பையை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு, நான் மட்டும் திரும்ப ஏறினேன். ஏறிய பிறகுதான் உறைத்தது. எண்கள் பெரிது பெரிதாக, சிவப்பாக, அவன் முகத்துக்கு நேராக.

75.6.

அவன் அந்த எண்ணைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எழுபத்தாறு என்ற எண் அந்த வீட்டில் யாருக்குத்தான் தெரியாது? மூன்று மாதம் அவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது. அவன் ஏதோ கேட்கப்போகிறான் என்று காத்திருந்தேன்.

"இந்த மிஷின் எப்பவுமே கொஞ்சம் கம்மியாதான் காட்டும்க்கா" என்றான்.

நர்ஸுக்குக் கோபம். "அப்படியெல்லாம் இல்ல சார், போன வாரம்தான் சரிபார்த்தாங்க" என்றாள். அவனுக்கு 55.6 என்று தாளில் எழுதிக்கொண்டாள்.

"இல்ல சிஸ்டர், கம்மியாதான் காட்டும்" என்று மறுபடி சொன்னான். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

ஆகஸ்ட் 6, புதன்

எத்தனை நாளாகத் தெரியும் அவனுக்கு? நேற்றுத்தான் தெரிந்ததா, இல்லை "இனிமேயாச்சும் நல்லா சாப்பிடு" என்று சொன்ன அன்றே தெரியுமா?

கோபம் கோபமாக வருகிறது. யாரு கேட்டா அவனை? யாரு அவனை எனக்காகப் பொய் சொல்லச் சொன்னா? வீட்டில் இருந்த நல்லதையெல்லாம் முதலில் அவன் எடுத்துக்கொண்டான், மிச்சத்தில் நான் வளர்ந்தேன். இப்போது பெரிய மனசு என்று ஒன்று இருந்தது, அதையும் அவனே எடுத்துக்கொண்டான். எனக்கு மிச்சம் வைத்தது இந்தச் சின்ன மனசு.

கேட்டிருக்கலாம். "ஏன்க்கா?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் டீ கொண்டுவந்து வைத்த கதையைச் சொல்லியிருப்பேன். எட்டு வருடமாக அதற்குத்தான் காத்திருக்கிறேன். சொல்லிவிட்டு நிம்மதியாக மறுத்திருப்பேன்.

வேலையில் மூன்று சீட்டில் தப்பாகக் கழித்தேன். கூட வேலை பார்ப்பவர் திருத்தினார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை பத்து மணிக்கு ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். பெயர் சொன்னதும் நினைவு வைத்திருந்தாள். கிட்னி கொடுக்கிறேன் என்றேன்.

"வீட்ல யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?"

"இல்லை."

"அப்போ இஷ்டத்தோடதானே?"

அவனை மன்னித்துவிட்டேனா என்று அவள் கேட்டிருந்தால் இல்லை என்று சட்டென்று சொல்லியிருப்பேன். அதை அவள் கேட்கவில்லை.

"ஆமான்னு எழுதிக்குங்க" என்றேன்.

பேனா ஓடும் சத்தம் கேட்கவில்லை. "நீங்க சொல்றதைத்தாங்க நான் எழுதணும்" என்றாள். ஆமா என்றேன்.

ஜூனில் ஃபைலை மூடிவிட்டார்களாம். எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து. மனநல டாக்டரையும் இரண்டு தடவை பார்க்க வேண்டும், ஒரு தடவை மறுத்தவள் என்பதால். அவனுக்கும் இருதயப் பரிசோதனை புதிதாகச் செய்து, அறுவை சிகிச்சையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக வந்தால் டிசம்பர்.

"மே மாசமே பண்ணியிருந்தா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன்?

"அப்போ அவருக்குக் கழுத்துல குழாய் இல்ல" என்றாள்.

மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டேன். சோறு ஒரு கப், பீன்ஸ், முட்டை. தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. டிசம்பர் வரை நான் எழுபத்தாறுக்குள் இருக்க வேண்டும், அவன் உயிரோடு இருக்க வேண்டும். இதில் என் கையில் இருப்பது ஒன்றுதான்.